டிம் அடிச்சும் கண்ணு கூசுதா? லைட்டுக்குள்ள ஈரம் இருக்கும்



டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாரா இருந்தாலும் சரி, ராத்திரிப் பயணம் முடிச்சு வந்து இறங்கினதும் ஒரு புலம்பல் புலம்புவாங்க. "எதிர்ல வர்ற லோடு வண்டிக்காரங்க ஏங்க டிம் அடிக்கவே மாட்டேங்கறாங்க? ரோடே தெரியல." நீங்களும் சொல்லியிருப்பீங்க.

நியாயமான கோபம்தான். டிம் அடிக்காம திமிரா வர்றவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க திட்டின வண்டிகள்ல பல வண்டி ஏற்கெனவே டிம்லதான் வந்திருக்கும். டிரைவர் சுவிட்சைத் தட்டியிருப்பாரு. வெளிச்சம்தான் கீழ இறங்கியிருக்காது. காரணம், அந்த லைட்டுக்குள்ள ஈரம் கோத்து நிக்கும்.

இன்னைக்கு அதைப் பத்தித்தான் எழுதறேன். ஹெட்லைட்டுக்குள்ள ஈரம் சேர்றதை வண்டிக்காரங்களே ஒரு பெரிய விஷயமா எடுத்துக்கறதில்ல. கண்ணாடி உள்ள வேர்த்திருக்கு, வெயில் வந்தா போயிடும்னு விட்டுடறாங்க. வெளிச்சம் பத்தலைன்னு தோணினா இன்னும் பெரிய பல்பா வாங்கி மாட்டறாங்க. என் கருத்து இதுக்கு நேர் எதிர். மங்கின லைட்டுக்குப் பெரிய பல்பு மருந்தே இல்ல. அது நோயை அதிகமாக்கும். ஈரத்தை வெளியேத்தி, அது வந்த வழியைக் கண்டுபிடிச்சு அடைக்கறதுதான் மருந்து. அதுக்குப் பணம் அதிகம் வேண்டாம், அரை நாள் பொறுமை வேணும். எங்க லோடு வண்டிகளுக்குக் கிடைக்காதது அந்த அரை நாள்தான்.

நான் டிரைவரும் இல்ல, மெக்கானிக்கும் இல்ல. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையும் தக்காளியும் சின்ன வெங்காயமும் போடற விவசாயி. வாடகை வண்டியில காயை ஏத்திக்கிட்டு டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்து போறவன். பக்கத்து சீட்டுக்காரனுக்கு ஒரு வசதி இருக்கு. ஸ்டியரிங் கையில இல்லாததால ரோட்டையும் லைட்டையும் நல்லாப் பாக்கலாம். பட்டறையில வண்டி நிக்கும்போது பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்கலாம். அப்படிப் பாத்ததும் கேட்டதும்தான் இது.

மொதல்ல, மூடி வெச்ச லைட்டுக்குள்ள தண்ணி எப்படிப் போகுதுன்னு பாப்போம். லைட்டுன்னா சீல் பண்ணின டப்பான்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. அது உண்மை இல்ல. டூமுக்குப் பின்னாடியோ அடியிலயோ மூச்சு விடறதுக்குன்னே சின்ன ஓட்டை வெச்சிருப்பாங்க. சில வண்டியில வளைஞ்ச ரப்பர் குழாயா இருக்கும், சிலதுல வடிகட்டித் துணி மாதிரி ஒட்டின மூடியா இருக்கும். அது இல்லாம முடியாது. 60 வாட்ஸ் பல்பு எரியும்போது உள்ள இருக்கற காத்து சூடாகி விரியும். வெளியே போக வழி இல்லைன்னா சீல் பிச்சுக்கும். லைட்டை அணைச்சதும் காத்து சுருங்கும், அப்ப வெளிக்காத்தை உள்ள இழுக்கும். அந்தக் காத்தோட ஈரமும் சேந்து வரும். ஆகமொத்தம் லைட்டும் நம்மளை மாதிரி மூச்சு விடுது. எரியும்போது வெளிமூச்சு, அணைஞ்சா உள்மூச்சு.

உள்ள வந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில பட்டதும் தண்ணியா மாறி ஒட்டிக்கும். இட்லிச் சட்டி மூடியைத் திறந்தா அடிப்பக்கம் முத்து முத்தா நிக்குமே, அதே கணக்கு. அதனால மழைக்காலத்துலயும் பனிக்காலத்துலயும் காலையில லேசா ஆவி படிஞ்சு, லைட்டைப் போட்டு அரை மணி நேரத்துல தானா போயிட்டா பயப்பட ஒண்ணும் இல்ல. லைட்டு ஒழுங்கா மூச்சு விடுதுன்னு அர்த்தம். ஆனா பெரிய பெரிய துளியா நின்னாலோ, அடியில குளம் கட்டினாலோ, ரெண்டு நாள் வெயில் அடிச்சும் போகலைன்னாலோ அது வேற கதை. அது மூச்சுல வந்த ஈரம் இல்ல. எங்கேயோ ஓட்டை வழியா நேரா தண்ணி இறங்குது, இல்லைன்னா மூச்சு விடற வழி அடைச்சுக்கிச்சு.

எங்க பக்கத்து வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பல வண்டி கொடைக்கானல் மலைக்குப் போய் கேரட்டு, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஏத்திக்கிட்டு இறங்கும். நீங்க டூர் போகும்போது கவனிச்சிருப்பீங்க. கீழ வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக உப்பிக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் குறைவு. திரும்பி இறங்கும்போது பாக்கெட் பழையபடி சுருங்கும். லைட்டும் அதே மாதிரி ஏறும்போது காத்தை வெளிய விட்டுடும், இறங்கும்போது உறிஞ்சும். மேல மேகத்துக்குள்ள, மழைக்குள்ள நனைஞ்ச வண்டி, கீழ இறங்கற வழியெல்லாம் ஈரக்காத்தை உறிஞ்சிக்கிட்டே வரும். சீல்ல ஒரு சின்ன விரிசல் இருந்தாப் போதும், அது மேல வழியற மழைத்தண்ணியையும் சேத்து இழுத்துக்கும்.

ஈரம் இருந்தா வெளிச்சம் குறையும், புரியுது. கண்ணு ஏன் கூசணும்னு கேப்பீங்க. விஷயமே அங்கதான் இருக்கு.

லோடு வண்டிகள்ல பரவலா இருக்கற ஹாலோஜன் பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கும், ஒண்ணு பிரைட்டுக்கு, ஒண்ணு டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழ கரண்டி மாதிரி குட்டியா ஒரு தகடு வெச்சிருப்பாங்க. அது பாதி வெளிச்சத்தை மறைச்சிடும். மீதி வெளிச்சம் ரிஃப்ளெக்டர்ல பட்டு ரோட்டைப் பாத்துக் கீழ விழும். சுவத்துக்கு எதிர்ல வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாத்தா, மேல இருட்டு, கீழ வெளிச்சம், நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரியும். அந்தக் கோடுதான் எதிர்ல வர்ற உங்க கண்ணைக் காப்பாத்துது.

கண்ணாடி உள்பக்கம் துளித்துளியா தண்ணி நின்னா, ஒவ்வொரு துளியும் ஒரு குட்டிக் கண்ணாடி வில்லை மாதிரி வேலை செய்யும். கீழ போகவேண்டிய வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். மழையில மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்கூட்டர் ஓட்டினவங்களுக்கு இது தெரியும். டிம் அடிச்சாலும் கோடு இருக்காது, டூம் முழுசும் பால் வெள்ளையா ஜொலிக்கும். எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும், ஓட்டறவனுக்கு ரோடு தெரியாது. ஒரே ஈரம் ரெண்டு பேரையும் குருடாக்குது. கண்ணு கூசக்கூடாதுன்னு லைட்டு மேல ஒட்டற கருப்பு ஸ்டிக்கராலயும் பிரயோஜனம் இல்ல. கண்ணாடி முழுக்க மினுங்கும்போது நடுவுல ஒரு பொட்டு வெச்சு என்ன ஆகப்போகுது?

சட்டம் இதை யோசிக்காம இல்ல. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல, லைட்டோட வெளிச்சம் 8 மீட்டர் தூரத்துல, தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கற கண்ணைக் கூச வைக்கக்கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. ஒன்றரை மீட்டர்னா நம்ம ஊர்ல நடந்து வர்ற ஒரு ஆளோட கண்ணு உயரம்.

நடந்து வர்ற ஆளுங்கன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது எங்க திண்டுக்கல் - பழனி ரோடு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்க இந்த ரோட்டுல பழனிக்கு நடந்து போவாங்க. பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலயும் விடியக்காலத்துலயும் நடக்கறவங்கதான் அதிகம். பச்சை வேட்டி, பச்சைச் சேலை. இருட்டுல பச்சை, கருப்பு மாதிரிதான் தெரியும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு சொல்லுவாங்க. தரையையும் மச்சையும் துளைக்கற பனி லைட்டை விடுமா? வருஷத்துல லைட்டு ரொம்ப மங்கியிருக்கற மாசமும், ரோட்டுல ஜனம் ரொம்ப நடக்கற மாசமும் ஒண்ணாவே வருது.

ஒரு தை மாசம் முருங்கைக்காய் லோடோட விடியக்காலம் போயிக்கிட்டு இருந்தோம். வாடகை வண்டி, ஓட்டினது எங்க ஊர்ப் பையன். வேகம் அம்பது, அறுபதுக்குள்ளதான். எதிர்ல ஒரு பஸ்ஸு. ரெண்டு பேரும் டிம் அடிச்சாங்க. பஸ்ஸு தாண்டின அந்த ரெண்டு விநாடி எங்களுக்கு முன்னாடி ரோடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. வெள்ளையா புகை மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி காதுக்கு "அரோகரா" சத்தம் கேட்டுது. பையன் பிரேக்கை மிதிச்சான். வண்டி நின்னப்பறம்தான் ஆளுங்க தெரிஞ்சாங்க. பத்துப் பதினஞ்சு பேர், ஒருத்தர் தோள் மேல ஒரு குழந்தை தூங்கிக்கிட்டு இருந்துது. இடையில ஒரு வண்டி நீளம்கூட இல்ல.

அவங்க ஒண்ணும் அசட்டையா நடக்கல. ஓரமாத்தான் போனாங்க. முதுகுப் பையில மினுங்கற ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தாங்க. அது ஏன் எங்க கண்ணுக்குத் தெரியலைன்னு அப்பறம்தான் எனக்கு விளங்குச்சு. அந்தப் பட்டை தானா எரியாது. நம்ம லைட்டு வெளிச்சத்தை வாங்கி நமக்கே திருப்பி அனுப்பும். நம்ம லைட்டே ஈரத்துல சிதறிப்போனா அது எதை வாங்கித் திருப்பும்?

கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். ரெண்டு விநாடி கண்ணு தெரியலைன்னா 33 மீட்டரைக் குருட்டாம்போக்குல தாண்டிடறோம். பிரேக் பிடிச்சு வண்டி நிக்கற தூரம் அதுக்கு மேல தனி.

டீக்கடையில நிறுத்தினப்ப அந்தப் பையன் சொன்னான், "மாமா, பல்புல கொறை இல்லீங்க. எல்.இ.டி. மாட்டி ரெண்டு மாசம்தான் ஆகுது. ஓனர் நல்ல வெளிச்சமா இருக்கட்டும்னு போட்டுக் குடுத்தாரு." நான் போன்ல டார்ச் அடிச்சு லைட்டைப் பாத்தேன். உள்ள ஐப்பசியில வாழை இலை மேல நிக்கற மாதிரி துளித்துளியா தண்ணி. பானெட்டைத் திறந்து பின்னாடி பாத்தா, பல்பைச் சுத்தி இருக்கவேண்டிய ரப்பர் மூடியே இல்ல.

பெரிய பல்பு நோயை அதிகமாக்கும்னு மேல சொன்னேனே, அது இதனாலதான். கம்பெனி குடுத்த ஹாலோஜன் பல்புக்குப் பின்னாடி தொப்பி மாதிரி ஒரு ரப்பர் மூடி இறுக்கமா உக்காந்திருக்கும். தண்ணி, தூசி எதையும் விடாது. கடையில விக்கற எல்.இ.டி. பல்புக்குப் பின்னாடி சூடு தணிக்க ஃபேனும் தகடும் துருத்திக்கிட்டு நிக்கும். ரப்பர் மூடி அதுல உக்காராது. மாட்டறவரு என்ன செய்வாரு? மூடியை வெட்டி அகலப்படுத்துவாரு, இல்லைன்னா கழட்டி வீசிடுவாரு. அன்னைக்கே லைட்டுக்கு வாசல் திறந்தாச்சு.

அது மட்டும் இல்ல. ஹாலோஜன் பல்பு முன்பக்கம் சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டுலயே கண்ணாடி காஞ்சிடும். எல்.இ.டி. தன் சூட்டைப் பெரும்பாலும் பின்பக்கமா விடும், கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். அதனால ஒரு தடவை படிஞ்ச ஈரம் லேசுல போகாது. மூணாவது, அந்த ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழை எந்த இடத்துல இருக்குமோ அதுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. வெளிச்சம் கிளம்பற இடம் கொஞ்சம் மாறினாலும் நான் சொன்ன அந்தக் கோடு கலைஞ்சிடும். ஆகமொத்தம் ஈரம் வர வழி, ஈரம் போகாத குளிர், ஈரத்துல சிதற இன்னும் அதிக வெளிச்சம், இந்த மூணையும் காசு குடுத்து வாங்கறோம். கம்பெனியே எல்.இ.டி.க்குன்னு வடிவமைச்ச முழு லைட்டு வேற, அதை நான் குறை சொல்லல. ஹாலோஜன் டூமுக்குள்ள எல்.இ.டி.யைத் திணிக்கறதைத்தான் சொல்றேன்.

ஈரம் உள்ள போற மத்த வழிகளையும் சொல்லிடறேன், உங்க காருக்கும் உதவும். ஒண்ணு, வாட்டர் சர்வீஸ். ராத்திரி முழுக்க லைட்டு எரிஞ்ச வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்தி, சூடா இருக்கற டூம் மேல பிரஷர் தண்ணியைப் பீச்சுவாங்க. சூடு சட்டுன்னு தணிய, உள்காத்து சுருங்கி, பீச்சற தண்ணியை உறிஞ்சிக்கும். ரெண்டாவது, எலி. தானியமும் காயும் ஏத்தற வண்டியில எலி குடியிருக்கும், ரப்பரையும் வயரையும் கடிக்காம விடாது. மூணாவது, குளவி. நாலு நாள் வண்டி நின்னாப் போதும், மூச்சுக்குழாய்க்குள்ள மண் கூடு கட்டிடும். நாலாவது, சின்ன இடிபாடு. மார்க்கெட்ல வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர்ல லேசா ஒரு தட்டு, கண்ணாடிக்கும் டூமுக்கும் நடுவுல இருக்கற பசை நூல் அளவுக்கு விட்டுக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்.

இதுல கொடுமை, வைத்தியம்னு சிலர் செய்யறது. தண்ணி போகுதுன்னு சொன்னா சிலிகான் பேஸ்ட்டை எடுத்து சுத்தி அப்பிடுவாங்க. மூச்சு ஓட்டையையும் சேத்து அடைச்சிடுவாங்க. உள்ள இருந்த ஈரம் உள்ளயே கிடந்து வேகும். ஈர நெல்லை மூட்டை பிடிச்சு அடுக்கின மாதிரிதான். புளிப்பு வாசனை அடிக்கற சிலிகான்னா இன்னும் மோசம். அதுல இருந்து வர்ற அமில ஆவி ரிஃப்ளெக்டரோட பளபளப்பான பூச்சை அரிச்சிடும். இன்னும் சிலர் டூமுக்கு அடியில டிரில் போட்டு ஓட்டை போடுவாங்க, தண்ணி வடிஞ்சிடும்னு. வடியும், ஆனா டயர் வாரி அடிக்கற சேறும் தூசியும் அதே வழியா ஏறும். காஞ்சு போகற ஈரத்துக்குப் பதிலா காயவே காயாத மண்ணு படியும்.

சரி, என்னதான் செய்யணும்? எங்க ஊர்ப் பக்கம் வயசான ஒரு எலக்ட்ரீஷியன் செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அவரு அவசரப்பட மாட்டாரு.

மொதல்ல லைட்டை முழுசாக் கழட்டுவாரு. பல்பையும் ரப்பர் மூடியையும் எடுத்துட்டு, பின்வாய் கீழ பாக்கற மாதிரி சாய்ச்சுத் தண்ணியை வடிய விடுவாரு. அப்பறம் கண்ணாடி கீழ, வாய் மேல இருக்கற மாதிரி வெதுவெதுன்னு இருக்கற இடத்துல வெச்சு, வாய்க்கு மெல்லிசா ஒரு துணி கட்டிடுவாரு. வடாம் காயப் போடற மாதிரிதான். சூடான ஈரக்காத்து மேல ஏறிப் போயிடும், தூசியும் எறும்பும் உள்ள போகாது. அவசரம்னா முடி உலத்தற மெஷினைக் குறைஞ்ச சூட்டுல தள்ளி வெச்சுக் காட்டுவாரு. அதிகச் சூடு காட்டினா பிளாஸ்டிக் நெளிஞ்சுடும். துணியை விட்டு உள்ள துடைக்கவே மாட்டாரு. ரிஃப்ளெக்டர் பூச்சு அவ்வளவு மெல்லிசு, ஒரு தடவை தேய்ச்சா வெளிச்சம் போச்சு.

காஞ்சதும் ஓட்டையைத் தேடுவாரு. பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணித் தொட்டியில முக்கி முட்டை வருதான்னு பாப்பாங்க இல்ல, அதே யுக்தி. கண்ணாடி ஓரம் பூரா சோப்புத் தண்ணி தடவிட்டு, வாயைக் கையால பொத்தி மூச்சுக்குழாய் வழியா மெதுவா ஊதுவாரு. எங்க நுரை முட்டை விடுதோ அங்கதான் கோளாறு. அந்த இடத்தை மட்டும் காய வெச்சு, வாசனை அடிக்காத சிலிகானை மெல்லிசாப் பூசுவாரு. மூச்சுக்குழாயை ஊதி, கூடு கீடு இருந்தா எடுத்துட்டு, வாய் கீழ பாக்கற மாதிரி மாட்டுவாரு. ரப்பர் மூடி வெடிச்சிருந்தா புதுசு. பல்பைப் பிடிக்கும்போது கண்ணாடி மேல விரல் படாம பாத்துக்குவாரு. கையில இருக்கற எண்ணெய் ஒட்டினா அந்த இடம் அதிகமாச் சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும்.

கடைசியா, பொழுது சாஞ்சதும் சுவத்துக்கு எதிர்ல வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாப்பாரு. கோடு வந்துடுச்சுன்னா வேலை முடிஞ்சது. ஒருபக்க லைட்டுல மட்டும் ஈரம்னா அந்தப் பக்கம் ஓட்டை இருக்கும், ரெண்டு பக்கமும்னா மூச்சு வழியை மொதல்ல பாருன்னு சொல்லுவாரு. ரிஃப்ளெக்டர் ஏற்கெனவே கருத்து உரிஞ்சு போயிருந்தா இந்த வைத்தியமெல்லாம் பலிக்காது, டூமை மாத்தித்தான் ஆகணும். அந்த நிலைமைக்கு விடாம இருக்கத்தான் இவ்வளவும்.

சிலிகா ஜெல் பொட்டலத்தை உள்ள போட்டா ஈரத்தை இழுத்துக்கும்னு செல்போன்ல வீடியோ வருது. இழுக்கும், உண்மைதான். ஆனா ஓட்டை அப்படியே இருந்தா ரெண்டு மழைக்கு அது ஊறிப்போயிடும். எரியற பல்பு பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டா கருகவும் செய்யும். கூரை ஒழுகும்போது குண்டான் வைக்கறது ஒரு ராத்திரிக்குத்தான்.

இவ்வளவு சுலபமா இருந்தும் ஏன் நடக்க மாட்டேங்குது? அதுலதான் எனக்கு ஆதங்கம். டிரைவருக்குத் தெரியும், லைட்டு மங்கல்னு. ஆனா வண்டி அவனுது இல்ல. ஓனருக்கு வண்டி ஓடினாத்தான் தவணை கட்ட முடியும், அரை நாள் நிறுத்த மனசு வராது. ராத்திரி அந்த சீட்டுல அவரு உக்காரவும் போறதில்ல. காய் ஏத்தற எங்களை மாதிரி விவசாயிங்க வாடகை எவ்வளவு குறையும்னு கேப்போம், லைட்டு எப்படி எரியுதுன்னு கேக்க மாட்டோம். இந்த மூணு பேருக்கும் இடையில ஈரம் சுகமா உக்காந்துக்கிட்டு இருக்கு.

சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்பறம் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். அங்க லைட்டையும் பாக்கத்தான் செய்யறாங்க. ஆனா பட்டப்பகல்ல சுவிட்சைப் போட்டு எரியுதான்னு பாத்தா ஈரம் சிதறடிக்கறது எப்படித் தெரியும்? கொள்முதல் நிலையத்துல நாங்க நெல்லைக் கொண்டுபோனா மெஷின் வெச்சு ஈரப்பதம் அளக்கறாங்க. 17 சதவீதத்துக்கு மேல ஒரு புள்ளி ஏறினாலும் காய வெச்சுக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பறாங்க. நெல்லுல இருக்கற ஈரத்துக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டற நாட்டுல, லைட்டுல இருக்கற ஈரத்துக்கு ஒரு இருட்டு ரூமும் ஒரு வெள்ளைச் சுவரும் ஒதுக்க முடியாதா? இப்ப வந்துக்கிட்டு இருக்கற தானியங்கி சோதனை நிலையங்கள்ல லைட்டு வெளிச்சம் விழற விதத்தை மெஷின்ல பாக்கறாங்க. அது எல்லா ஊருக்கும் வரட்டும், நல்லது. அதுவரைக்கும் ஒரு சுவரு போதும்.

வண்டி செய்யற கம்பெனிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். பழைய லாரிகள்ல வட்டமான ஏழு இஞ்ச் லைட்டு இருக்கும். வளையத்தைக் கழட்டினா கையில வந்துடும், எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும். நிஜக் கண்ணாடி, மஞ்சள் பாயாது. இன்னைக்கு வர்றது பிளாஸ்டிக் முகப்பு. கல்லு தெறிச்சாலும் உடையாது, எடை குறைவு, அழகான வடிவம், எல்லாம் சரிதான். ஆனா டூமோட சேத்து ஒட்டிடறாங்க. பத்து ரூபா பெறாத சீல் போனதுக்கு மொத்த லைட்டையும் மாத்துங்கறாங்க. சின்ன வண்டி வெச்சுப் பிழைக்கறவன் அந்த விலையைக் கேட்டதும் ஈரத்தோடவே ஓட்டிட்டுப் போயிடறான். மூச்சு மூடி, ரப்பர், முகப்பு, இதையெல்லாம் தனித்தனியா வித்தாலே ரோட்டுல பாதி லைட்டு சரியாயிடும்னு நான் நம்பறேன்.

டவுன் நண்பர்கள் என்ன செய்யலாம்? நீங்க வீடு மாத்தறதுக்கும் கடைச் சரக்குக்கும் லோடு வண்டி கூப்பிடறீங்க. ராத்திரிப் பயணம்னா வாடகை பேசறதுக்கு முன்னாடி முன்பக்கம் வந்து லைட்டை ஒரு பார்வை பாருங்க. உள்ள துளி நின்னா டிரைவர்கிட்ட சண்டை போட வேண்டாம், ஓனர்கிட்ட சொல்லுங்க. வாடிக்கையாளர் சொன்னா ஓனருக்குக் காது கேக்கும். உங்க காரையும் ஒருநாள் சாயங்காலம் காம்பவுண்டு சுவத்துக்கு எதிர்ல நிறுத்தி டிம் போட்டுப் பாருங்க. கோடு தெரியலைன்னா, எதிர்ல வர்றவங்க உங்களையும் அதே வார்த்தையிலதான் திட்டிக்கிட்டு இருப்பாங்க.

அந்தத் தை மாசத்துக்கு அப்பறம் நான் ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டேன். லோடு ஏத்தறதுக்கு முன்னாடி லைட்டைப் போடச் சொல்லி எங்க களத்துச் சுவத்துல பாத்துடுவேன். கோடு இல்லாத வண்டியில என் காய் ராத்திரியில ஏறாது. நாலு ஓனர்ல ரெண்டு பேர் முணுமுணுத்துக்கிட்டே சரி பண்ணிட்டாங்க. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு வர்றதையே நிறுத்திட்டாரு. இன்னொருத்தரு இன்னும் பாக்கறேன் பாக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அவரு வண்டி பகல்ல மட்டும்தான் எங்க தோட்டத்துக்கு வருது.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கு. வெயில் நல்லா அடிக்குது. லைட்டைக் கழட்டிக் காய வெக்க இதைவிடத் தோதான நாள் வராதுங்க.